பிச்சுமணி மாமா கழற்றிக் காட்டிய பல்

முப்பத்திரண்டு வயதில் பிச்சுமணியின் வாயில் சொந்தப் பல் என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆடிக்கொண்டிருந்த கடைசி நாலைந்தையும் ஒரே வாரத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஈறு ஆறுகிற வரைக்கும் தென்காசியில் அக்கா வீட்டில் போய் ஒளிந்துகொண்டார். ஆபீசுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தார். கஞ்சியும் குழைந்த ரசஞ்சாதமுமாக இரண்டு மாதம் போயிற்று. மேலும் கீழும் பல்செட்டு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினால், திருமங்கலம் தாலுகா ஆபீசுக்கு மாற்றல் உத்தரவு காத்திருந்தது. அதைவிட நல்ல சேதி அவருக்கு அந்த வருஷம் வேறு இல்லை. அங்கே அவருடைய பழைய வாயைப் பார்த்தவர்கள் ஒருத்தரும் கிடையாது. அதே சூட்டில் மதுரை மேலமாசி வீதிப் பக்கத்துச் சந்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநகருக்குக் குடிவந்தார். புதுத் தெரு, புது ஆபீஸ், புதுப் பல். அந்த ஊரில் விஷயம் தெரிந்தவள் மனைவி ஜானு ஒருத்திதான். மகள் விஜயத்துக்கு அப்போது ஒரு வயது. அது 1974.

பல் போன கதை அவருடைய சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டது. அப்பா சுப்பராமன் கல்யாணச் சமையல்காரர். ஜாங்கிரி பிழிவதில் அந்த வட்டாரத்தில் அவருக்குத் தனிப் பேர் உண்டு. ஒவ்வொரு முகூர்த்தம் முடிந்ததும் ஒரு தூக்கு நிறைய ஜாங்கிரி, அது முங்குகிற அளவுக்குப் பாகு, வீட்டுக்கு வந்துவிடும். கடைக்குட்டியான பிச்சுமணிக்குப் பள்ளிக்கூடம் புறப்படும்போது ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று. படுக்கும்போது ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் தூக்கம் வரும். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஒன்பது வயதில் கடைவாய்ப் பல் ஒன்று குழி விழுந்து, கன்னம் வீங்கி, கடைசியில் பிடுங்க வேண்டி வந்தது. "பால் பல்தானே, முளைச்சுடும்" என்றார்கள் எல்லாரும். பையன் நம்பினான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும், கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டும்போதும், நாக்கு மட்டும் அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். முளைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்தது போயிற்று. எதிரே இருந்தது போயிற்று. "நம்ம வம்சத்துல பல் நிக்காதுடா" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவரும் ஐம்பது வயதிலேயே பொக்கை வாய். பிச்சுமணி அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. சில குடும்பத்தில் வழுக்கை, சில குடும்பத்தில் சர்க்கரை, நமக்குப் பல் என்று இருந்துவிட்டார்.

திருநகரில் அவர் ரகசியத்தைக் காப்பாற்றிய விதமே தனி. காலையிலும் இரவிலும் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். வறுத்த கடலையை யார் நீட்டினாலும் வயிறு சரியில்லை என்பார். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இதனால் ஆபீசில் அவருக்கு ரொம்ப அடக்கமான மனுஷன் என்று பேர் வந்தது. பெற்ற மகளுக்குக்கூட விஷயம் தெரியாது.

ஆனால் அப்பாவின் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திருமங்கலத்தில் பஸ் ஏறுமுன் விஜயத்துக்கு ஒரு பொட்டலம் சீனிச்சேவோ தேன்மிட்டாயோ வாங்காமல் வரமாட்டார். பெண் வாசலிலேயே நிற்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் அதைக் கொறித்துக்கொண்டே அப்பா மடியில் தூங்கிப்போகும். வீட்டுக்கு ஒரு பிள்ளை, ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டுமே என்பார்.

விஜயத்துக்கு ஆறு வயது நடக்கும்போது, ஓர் ஆடி மாதத்தில், அவளுடைய வலது கன்னம் சட்டென்று வீங்கிவிட்டது. பெண் சோற்றைத் தொடவில்லை. ஜானு கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தாள், உப்பு ஒத்தடம் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் காசிமாயன் கவர்மெண்ட் பஸ் டிரைவர்.

"பால் பல்லுதான மாமி, தானா விழுந்துரும். இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுக் கவலப்படுறீக?" என்றாள் பாண்டியம்மாள் ஆறுதலாக.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பிச்சுமணிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. முப்பது வருஷத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தை. மறுநாள் லீவு போட்டுவிட்டு மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

மேலவெளி வீதியில் அழகம்மாள் என்று ஒரு பெண் டாக்டர், பல் வைத்தியம் படித்துவிட்டுப் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சின்னக் குரல். நாற்காலியில் ஏற்றுவதற்கு முன்னால் விஜயத்திடம் சின்னக் கண்ணாடியைக் கொடுத்து அவள் வாயை அவளையே பார்க்கச் சொன்னார். பிறகு தானும் பார்த்தார்.

"ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவா?"

"சீனிச்சேவு. நான்தான் வாங்கிண்டு வருவேன்" என்றார் பிச்சுமணி.

"பல்லு யாரு தேச்சு விடுறது?"

"அவளேதான். காலம்பர பொடி வச்சுத் தேச்சுப்பா. ஆறு வயசாச்சே."

"சட்டைப் பொத்தான் அவளே போட்டுக்கிடுறாளா?"

"போட்டுப்பா. கொஞ்சம் மேலயும் கீழயுமா இருக்கும்."

"பல்லும் அப்படித்தான் சார் தேய்ப்பா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீங்கதான் தேச்சு விடணும். காலையில ஒருதரம், படுக்கப் போறப்ப ஒருதரம். ராத்திரி தேச்சதுக்கப்புறம் தண்ணியத் தவிர எதுவும் கூடாது."

சீழ் வைத்த பல்லை எடுக்க வேண்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். விஜயம் அழுதது வலியைவிடப் பயத்தால்தான். அழுது ஓய்ந்தபின் டாக்டர் பிச்சுமணியைக் கிட்டத்தில் கூப்பிட்டு, மகளுடைய வாயின் கோடியைக் காட்டினார். எல்லாப் பல்லுக்கும் பின்னால், ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது.

"இது பால் பல்லு இல்ல சார். ஆறு வயசுல பின்னாடி புதுசா வரும். எதுவும் விழாம வர்றதுனால இதையும் பால் பல்லுன்னு விட்டுடுறாங்க. இது போனாப் போனதுதான்."

பிச்சுமணி குனிந்து அந்த முனையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "எனக்கு முதல்ல போனது அதுதான் டாக்டர். முளைக்கும்னு ரொம்ப நாள் பாத்துண்டிருந்தேன். எங்க வம்சத்துலயே பல் நிக்காது."

அவர் வாயில் இருப்பது பல்செட்டு என்பது டாக்டருக்கு, அவர் பேச ஆரம்பித்ததுமே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பா என்ன தொழில் பாத்தாங்க?"

"கல்யாணச் சமையல்."

"அப்ப உங்க வீட்டுல வம்சமா வந்தது பாகுதான் சார். பல்லு மேல பழி போடாதீங்க. இந்தப் பிள்ளைக்கு நல்ல பல்லு."

திரும்பி வரும் பஸ்ஸில் விஜயம் மடியில் தூங்கிவிட்டாள். பிச்சுமணிக்கு அப்பாமேல் கோபம் வந்தது. உடனே தன்மேலும் வந்தது. பசுமலை தாண்டுவதற்குள் இரண்டும் போய், வேறொன்று வந்தது. தலையெழுத்து என்று நினைத்தது தலையெழுத்து இல்லை என்றால், மகளுக்கு அது நேர வேண்டியதில்லை. இதை நினைத்ததும், பஸ்ஸில் எல்லோருக்கும் நடுவில், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்த பெண் வாயைத் திறக்கவே இல்லை. டாக்டர் சொன்னபடி சின்ன பிரஷ், நெல்லளவு பேஸ்ட் எல்லாம் தயார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஜானு கெஞ்சினாள், அதட்டினாள். பிச்சுமணி கதை சொன்னார். மறுநாளும் அப்படியே. அவள் கண்ணுக்கு, வாயைத் திறந்தால் யாரோ எதையோ பிடுங்கிவிடுவார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் மகளைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத் தாழ்ப்பாள் போடவில்லை.

"விஜி, அப்பா உனக்கு ஒண்ணு காட்டறேன். பயப்படப்படாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மேல்செட்டைக் கழற்றினார். பிறகு கீழ்செட்டு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து, வேறு யாரோ மாதிரி இருந்திருப்பார். விஜயம் அழவில்லை. அவர் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாப் பல்லும் விழுந்துடுத்தாப்பா?"

"ஆமாண்டா." வார்த்தை காற்றாக வந்தது.

"வலிச்சுதா?"

"ரொம்ப."

"மறுபடி முளைக்காதா?"

"முளைக்காது. அப்பாக்குச் சின்ன வயசுல யாரும் தேச்சு விடலே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையை அண்ணாந்து, குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். அவர் அவளைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, மோவாயை ஒரு கையால் தாங்கி, பின்வரிசைவரை மெல்லத் தேய்த்துவிட்டார். முடிந்ததும், "இப்ப நான் உனக்கு" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டு, அப்பாவின் செட்டை வாளிமேல் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். கதவோரம் நின்ற ஜானு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து கேட்டைத் திறக்கிறார், தெருப் பிள்ளைகள் அத்தனையும் அங்கே நிற்கிறது.

"மாமா, பல்லக் கழட்டிக் காட்டுங்க மாமா."

பிச்சுமணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜானு சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

"தெரிஞ்சா என்னன்னா? நாம யாராத்துப் பல்லையாவது திருடிண்டு வந்தோமா?"

"ஆபீசுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. சம்பளத்தைப் பல்லைப் பாத்தா குடுக்கறா?"

அவருக்கு மனசு சமாதானமாகவில்லை. அந்த வாரம் முழுக்கக் கொல்லைப் பக்கத்துச் சந்து வழியாகவே போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமாயன் வந்து கதவைத் தட்டினார். நல்ல உயரம், கிடா மீசை. அவர் பின்னால், கன்னத்தைப் பொத்திக்கொண்டு மகன் மருது நின்றான். அவனுக்கு ஏழு வயது.

"சார், ஒரு ஒத்தாச. தப்பா நெனச்சுக்கிராதீங்க" என்றவர் பிச்சுமணியின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இவனுக்கு ரெண்டு நாளாப் பல்லுவலி. வாயத் தெறக்க மாட்டேங்கிறான். அவுக ஆத்தா வெரல வேற கடிச்சு வச்சுட்டான். கேட்டா, உங்க பல்லப் பாத்தாத்தேன் தெறப்பேன்னு நிக்கிறான். எனக்கே கேக்கக் கூச்சமாத்தேன் இருக்கு."

பிச்சுமணி பையனைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஒன்பது வயதில் தானும் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஜானுவிடம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டார். கூடத்தில், காசிமாயன் எதிரிலேயே, இரண்டு செட்டையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார்.

மருதுவின் வாய் தானாகப் பிளந்துகொண்டது. பிச்சுமணி குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். பின்கோடியில் இருந்த பெரிய பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு குழி. செட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"காசிமாயன், நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிண்டு போங்கோ. அடைச்சுட்டா பல் தப்பிச்சுடும்."

"பால் பல்லுதான சார்?"

"இல்லே. அது திரும்ப வராது. எனக்குத் தெரியும்."

காசிமாயன் அவர் வாயைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு தன் மீசையை ஒதுக்கி உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் இரண்டு பல் இல்லை. "நானும் இப்புடித்தேன் சார் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். வெளிய தெரியாம மீச வளத்து வச்சுருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிச்சுமணியின் கை வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் மருதுவின் பல்லை அழகம்மாள் சுத்தம் செய்து அடைத்துவிட்டார். அந்த வாரத்திலேயே பாண்டியம்மாள் அவனையும், அவன் தங்கை இரண்டு வயது ஒச்சம்மாளையும் கூட்டிக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வந்து நின்றாள். எப்படித் தேய்த்துவிடுவது என்று காட்டச் சொன்னாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்துக் கடைசி வீடு. பிச்சுமணி வீட்டு முற்றத்துக் குழாயடியில் ஏழரை மணி வாக்கில் ஒரு சின்னக் கூட்டம் சேர ஆரம்பித்தது. பிரஷ் இல்லாத பிள்ளைகளுக்கு அவரே மதுரையிலிருந்து வாங்கி வந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். பிள்ளையை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மாவோ அப்பாவோ வரவேண்டும், அவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். காசிமாயன் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகன் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்த கையில் அந்தச் சின்ன பிரஷைப் பிடித்துத் தேய்ப்பதைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சுமுகமாகப் போனதென்று சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து ராமக்காள் சண்டைக்கே வந்துவிட்டாள். "எம்மகன் ராத்திரி பூரா பல்லப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கான். ஏண்டான்னா, மாமாவுக்கு மட்டும் கழண்டு வருது, எனக்கு வரலேன்னு அழுகுறான்." ஓய்வு பெற்ற வாத்தியார் கைலாசநாதன், "ஆபீஸ் போற மனுஷன், வாயைக் கழட்டிண்டு குழந்தைகள் நடுவுல உக்காரறது கௌரவமா?" என்று வருத்தப்பட்டார். கௌரவம் என்ற சொல் பிச்சுமணியை இரண்டு நாள் உறுத்தியது. அப்புறம் மறந்துவிட்டார்.

அவருடைய தவறும் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தினார். "தேய்க்கலேன்னா இப்படித்தான் ஆயிடும்" என்று பொக்கை வாயைக் காட்டுவார். ஒச்சம்மாள் வீரிட்டு அழுதவள், அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தாலே அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விஜயத்தை மறுபடி காட்டப் போனபோது இதை டாக்டரிடம் சொன்னார்.

"பயந்தா ஒரு வாரம் தேய்ப்பாங்க சார். பிடிச்சாத்தான் தினம் தேய்ப்பாங்க" என்றார் அழகம்மாள்.

அன்றிலிருந்து பொக்கை வாயைக் காட்டுவது நின்றது. பல்செட்டு விளையாட்டுச் சாமானாக மாறியது. முதலில் பிள்ளைகள் அதைத் தேய்க்க வேண்டும். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், மெல்லுகிற பக்கம். அதற்குள் எந்த மூலை விட்டுப்போகும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். பிறகு சொந்த வாய். கொஞ்ச நாளில் ஒச்சம்மாளும் இறங்கி வந்தாள். அவளுடைய சர்க்கரைப் பால் புட்டியைப் படுக்கையில் கொடுப்பதை நிறுத்துவதற்குத்தான் பாண்டியம்மாளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதல் நாலு ராத்திரி தெருவே தூங்கவில்லை.

சீனிச்சேவை அவர் அடியோடு விடவில்லை. வேலை நாளில் வாங்குவதை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டோடு சாப்பாடாகக் கொடுப்பார். சாப்பிட்டதும் எல்லாரும் வாய் கொப்பளிக்க வேண்டும். "இனிப்பே இல்லாம குழந்தைகளை வளக்கறதுக்கு நான் என்ன சாமியாரா?" என்பார்.

ஆபீசுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பியூன் விருமாண்டி மட்டும் தனியாக வந்து, "அண்ணே, அந்த டாக்டரம்மா எடம் எங்குட்டு இருக்கு?" என்று கேட்டுப் போனான்.

வருஷங்கள் ஓடின. விஜயம் உயரமாக வளர்ந்தாள். பல் எல்லாம் கெட்டியாக இருந்தது. சீக்கிரமே பால் பல்லை எடுத்த இடத்தில் மட்டும் ஒரு பல் கோணலாக முளைத்துவிட்டது. கண்ணாடி முன் நின்று அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வாள். "கோணலா இருந்தாலும் உன்னோடதும்மா" என்பார் அவர். மருதுவின் அடைத்த பல் அப்படியே நின்றது. அவன் கரும்பைப் பல்லால் உரிப்பதைப் பார்த்து, "மெதுவாடா" என்று பிச்சுமணி கத்துவார், ஆனால் ரசித்துக்கொண்டுதான் கத்துவார். பெரிய பிள்ளைகள் தானே தேய்க்கக் கற்றுக்கொண்டு கூட்டத்தைவிட்டு விலக, சின்னப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். யாரும் வராத நாளில் அவர் குழாயடியில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஜானு வந்து பேசிக்கொண்டிருப்பாள்.

1986 தை மாதம் தெருக்கோடி வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், புருஷனுக்கு மில்லில் வேலை. அந்தப் பெண் இருளாயி ஒரு சாயங்காலம் கைக்குழந்தையோடு கேட்டருகில் தயங்கி நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றாள் ஜானு.

"பாண்டியம்மா அக்கா சொன்னாக. இவனுக்கு ஒத்தப் பல்லுதான் வந்துருக்கு மாமா. எப்ப இருந்து தேய்க்க ஆரம்பிக்கணும்?"

"இன்னிலேர்ந்தே" என்றார் பிச்சுமணி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டார். குழந்தையை அவள் மடியிலேயே சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, கீழ் ஈற்றில் அரிசி முனை மாதிரி எட்டிப் பார்த்த அந்தப் பல்லை மெல்லத் துடைத்துக் காட்டினார். குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. பிறகு விரலைக் கவ்வி ஒரு கடி கடித்தது.

"ஐயோ, கடிச்சுட்டானா மாமா?" என்று இருளாயி பதறினாள்.

"கடிச்சுட்டான்" என்றார் அவர், விரலை எடுக்காமல். "நல்ல பல்லும்மா."